உங்களுக்குப் பிடிக்காதது ஆபீஸா, இல்ல அந்த சேரா?

வீட்டுல இருந்து வேலை பார்க்கப் பிடிக்குமா ஆபீஸ் போகப் பிடிக்குமான்னு கேட்டா எல்லாரும் தங்களோட குணத்தைப் பத்திதான் பதில் சொல்வாங்க. "நான் கொஞ்சம் தனியா இருக்கிற டைப்", "எனக்கு நாலு பேர் சுத்தி இருந்தாத்தான் வேலை ஓடும்", "வீட்டுல இருந்தா எனக்கு ஒழுங்கே வராது", இப்படித்தான் வரும். நான் பிசியோதெரபிஸ்ட், அதோட கம்பெனிகளுக்குப் போய் ஆளுங்க உட்கார்ற இடத்தை அளந்து பார்த்து எதை மாத்தணும்னு எழுதிக் குடுக்கிற வேலையும் செய்யுறேன். கழுத்து வலி, முதுகு வலி, மணிக்கட்டு வலின்னு வர்றவங்ககிட்ட பேசிப் பேசி எனக்கு ஒரு சந்தேகம் வந்து, இப்போ அது கிட்டத்தட்ட உறுதியாவே ஆயிடுச்சு. இந்தப் பதில்கள்ல நிறைய, குணத்துல இருந்து வரல, மேசை உயரத்துல இருந்தும், கால் தொங்குற சேர்ல இருந்தும், தலைக்கு நேர் மேல இருக்கிற ஏசி துவாரத்துல இருந்தும் வருது. ஆனா அவங்களுக்கு அது தெரியாது.

வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது ஒரு போட்டோ. பக்கவாட்டுல இருந்து எடுக்கணும், வேலை மும்முரத்துல இருக்கும்போது எடுக்கணும், வேற யாராவது எடுக்கணும். சொல்லிட்டு எடுத்தா எல்லாருமே நிமிர்ந்து உட்கார்ந்துடறாங்க, அந்தப் போட்டோவால ஒரு பிரயோஜனமும் இல்லை. அதுல நான் பார்க்கிறது பாதம் தரையில முழுசா படுதா, முழங்கை மேசை மட்டத்துக்கு மேல இருக்கா கீழ இருக்கா, ஸ்க்ரீன் கண்ணுக்கு எவ்வளவு கீழ, வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது, முதுகுக்குப் பின்னாடி ஆள் நடமாட்டம் இருக்கா. வீட்டு இடத்துக்கு ஒண்ணு ஆபீஸ் இடத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, அந்த ஆள் வீட்டுக் கட்சியா ஆபீஸ் கட்சியான்னு அவங்க வாய் திறக்காமலே பெரும்பாலும் சொல்லிடலாம். எப்பவும் சரியா வராது, எங்க இடறுதுன்னு பின்னாடி சொல்றேன்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கிற ஒருத்தர் வலது தோள்பட்டை வலின்னு வந்தார். பேச்சுவாக்குல, வீட்டுல வேலையே ஓட மாட்டேங்குது, மத்தியானம் ஆனா காரணமே இல்லாம எரிச்சல் வருது, நமக்கெல்லாம் ஆபீஸ்தான் செட் ஆகும்னார். போட்டோ வந்துச்சு. கட்டில் மேல, சுவர்ல ரெண்டு தலகாணி, மடியில லேப்டாப், மெத்தை மேல ஒரு நோட்டுப் புத்தகம், அது மேல மவுஸ். முதுகு வளைஞ்சு கிட்டத்தட்ட இடுப்பெலும்பு மேலயே உட்கார்ந்திருக்கார், தலை முன்னாடி தொங்குது, மவுஸ் பிடிக்கிற கை உடம்பை விட்டுத் தள்ளி அந்தரத்துல நிக்குது. இதுல நாள் முழுக்க இருந்துட்டு மத்தியானத்துக்கு மேல எரிச்சல் வரலைன்னாத்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

லேப்டாப்போட பிரச்சினை அதோட அமைப்புலயே இருக்கு. ஸ்க்ரீனும் கீபோர்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, ஸ்க்ரீனைக் கண் மட்டத்துக்கு ஏத்தினா கை தோள் உயரத்துக்குப் போயிடும், கீபோர்டை முழங்கை மட்டத்துக்கு இறக்கினா கழுத்து கீழ தொங்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல சரி பண்ண வழியே கிடையாது. பெரியவங்க தலை சுமார் 4.5லிருந்து 5 கிலோ. தலையை 60 டிகிரி குனிச்சா கழுத்தெலும்புல விழுற சுமை 27 கிலோ அளவுக்குப் போகும்னு 2014ல கென்னத் ஹன்ஸ்ராஜ்ங்கிற முதுகெலும்பு சர்ஜன் ஒரு கணக்கு வெளியிட்டார், அந்தப் படம் இன்னைக்கும் எல்லா இடத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கு. அது கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்துல அளந்தது கிடையாதுங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும், ஏன்னா அந்தப் படத்தைப் பார்த்துட்டு பயந்துபோய் கழுத்தை இரும்பா விறைச்சு வச்சுக்கிட்டு வேற வலியோட வர்றவங்களும் இருக்காங்க. குனியறது குத்தம் இல்லை, குனிஞ்சபடியே மூணு மணி நேரம் கிடக்கிறதுதான் தசையைச் சோர்வாக்குது.

இங்கதான் எனக்கு முக்கியமாப் படுற விஷயம் இருக்கு. கடுமையான வலின்னா எங்க வலிக்குதுன்னு தெரியும், கையை வச்சுக் காட்டிடுவோம். ஆனா லேசான அசௌகரியம் அப்படி இடம் சொல்லி வராது. கண்ணு உலர்ந்து போறது, தோள் இறுகிப் போறது, பாதம் மரத்துப் போறது, இதெல்லாம் நமக்கு "வேலை போரடிக்குது", "மனசு ஓடல", "இவன் ஏன் இப்படி மெயில் போடுறான்"னு வேற உருவத்துலதான் வந்து சேருது. செருப்பு கடிக்குதுன்னு தெரியாம இந்த ஊரே சரியில்லன்னு சொல்லிக்கிட்டு நடக்கிற மாதிரி. அப்புறம் அந்த எரிச்சலுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா, வீட்டுல இருந்தா வீடு காரணம், ஆபீஸ்ல இருந்தா ஆபீஸ் காரணம். ரெண்டு மூணு மாசம் இப்படிப் போச்சுன்னா அது "என்னோட டைப்பே இப்படித்தான்"னு கெட்டிப்பட்டுடுது.

அந்த டெஸ்டிங்காரர் லேப்டாப்பை ஒரு சாதாரண மேசைக்கு மாத்தி, அடியில தடி புத்தகங்களை அடுக்கி ஸ்க்ரீனை உயர்த்தி, தனி கீபோர்டு மவுஸ் வாங்கிப் போட்டார். தோள் வலிக்குப் பயிற்சியும் குடுத்தேன், அதனால எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கொஞ்ச வாரம் கழிச்சு "இப்போ ஆபீஸுக்கு ரெண்டு நாள் போதும்"னு அவரே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ் சொல்றேன். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற ஒரு பொண்ணு, உயரம் 155 செ.மீ. சுமாரு இருக்கும். ஆபீஸ்னாலே அலர்ஜி, அங்க போனா சாயங்காலம் தலைவலியோடதான் திரும்புவேன், எனக்கு மனுஷங்க கூட்டமே ஒத்துக்காது மேடம்னாங்க. ஆபீஸ்ல விலை உயர்ந்த சேர், பெரிய மானிட்டர் எல்லாம் இருக்கு, பார்க்கிறதுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா மேசை 75 செ.மீ. உயரம், அசைக்க முடியாத டைப். அந்த உயரம் நல்ல உயரமான ஆளுக்குத்தான் பொருந்தும். இவங்க பாதத்தைத் தரையில வச்சு உட்கார்ந்தா முழங்கை மட்டம் 60லிருந்து 65 செ.மீ.க்குள்ளதான் வரும். அப்போ ரெண்டே வழி. சேரை ஏத்தினா கால் தொங்கும், தொடை அடியில சீட் விளிம்பு அழுத்தும். இறக்கினா நாள் முழுக்க தோளைத் தூக்கி வச்சுத்தான் டைப் பண்ணணும். அவங்க சேரை ஏத்திட்டு கால் தொங்காம இருக்க சேரோட நுனியில வந்து உட்கார்ந்திருந்தாங்க, அதாவது அந்த விலை உயர்ந்த சேரோட முதுகுச் சாய்மானத்தை அவங்க முதுகு தொட்டதே இல்லை. வீட்டுல ஒரு பழைய சின்ன மேசை, அவங்க உயரத்துக்குத் தற்செயலா சரியா இருந்துச்சு. அவ்வளவுதான் கதை.

அந்த ஆபீஸ்ல இன்னொண்ணும் இருந்துச்சு, குளிர். ஏசி காத்து நேரா முகத்துல இறங்குற சீட். ஆபீஸ் வெப்பநிலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துற கணக்கு 1960கள்ல போட்டது, அதுல ஒரு உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்கும்னு எடுத்துக்கிட்ட அளவு சுமார் 40 வயசு, 70 கிலோ எடை இருக்கிற ஒரு ஆணோடது. பெண்களோட உடம்பு உண்டாக்குற வெப்பம் அதைவிடக் குறைவுங்கிறதால இந்தக் கணக்கு அவங்களுக்குப் பொருந்தலைன்னு 2015ல நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டினாங்க. 2019ல பெர்லின்ல நடந்த இன்னொரு பரிசோதனையில ரூம் சூடு ஏற ஏற பெண்கள் கணக்குலயும் வார்த்தை விளையாட்டுலயும் கூடுதலா மதிப்பெண் எடுத்தாங்க, ஆண்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. ஆபீஸ்ல ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்து சிரிக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். குளிரோட சேர்ந்து கண்ணும். ஸ்க்ரீன் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறது பாதிக்கும் கீழ குறைஞ்சுடுது, அது மேல வறண்ட காத்து அடிச்சா சாயங்காலத் தலைவலிக்கு மனுஷக் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

சத்தம் பத்திக் கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா இதுல நிறைய பேர் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. எவ்வளவு சத்தம்ங்கிறது பெரிய விஷயம் இல்லை, அந்தச் சத்தத்துல வார்த்தை புரியுதாங்கிறதுதான் விஷயம். ஃபேன் சத்தம், மழைச் சத்தம், நூறு பேர் பேசுற இரைச்சல், இதெல்லாம் கொஞ்ச நேரத்துல காதுக்குப் பழகிடும். ரெண்டு சீட் தள்ளி ஒருத்தர் மெதுவா, ஆனா தெளிவா போன்ல பேசினா மூளையால அதை விடவே முடியாது, அதுவும் ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டா எதிர்ல இருக்கிறவர் என்ன சொல்லியிருப்பார்னு மூளை தானா நிரப்பப் பார்க்கும். 2010ல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க, ரெண்டு பேர் பேசுறதைக் கேட்கிறதைவிட ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்கிறதுதான் கவனத்தை அதிகம் கெடுத்துச்சு. திறந்த ஆபீஸ் ஹால்களோட ஒலியை அளக்க ஐஎஸ்ஓ 3382-3ன்னு ஒரு சர்வதேசத் தரமே இருக்கு, அதுல ஒருத்தர் பேசுற இடத்துல இருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் போனா பேச்சு தெளிவு குறைஞ்சு கவனத்தைக் கெடுக்காம ஆகும்னு ஒரு தூரத்தைக் கண்டுபிடிப்பாங்க. சில ஹால்கள்ல அந்தத் தூரம் ஹாலோட நீளத்தைவிட அதிகம். அதாவது ஒளியவே இடம் இல்லை.

அதனாலதான் சுவரை எடுத்துட்டா எல்லாரும் கலகலன்னு பேசுவாங்கன்னு கம்பெனிங்க போட்ட கணக்கு பல நேரம் தலைகீழா ஆகுது. 2018ல வெளியான ஒரு ஆய்வுல ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பெரிய கம்பெனிகளோட தலைமை ஆபீஸ்ல சுவர் இருந்த காலத்தையும் எடுத்த பின்னாடியும், ஆளுங்க கழுத்துல சென்சார் மாட்டி அளந்தாங்க. நேருக்கு நேர் பேசுறது சுமார் 70 சதவீதம் குறைஞ்சு போச்சு, மெயிலும் சாட்டும் ஏறுச்சு. நான் போற ஆபீஸ்கள்லயும் அதான், பெரிய ஹால், எல்லார் காதுலயும் ஹெட்ஃபோன், பக்கத்து சீட்காரருக்கு மெசேஜ் அனுப்புறாங்க. இதைத்தான் வீட்டுலயே செய்யலாமே, எதுக்கு வரணும்னு அவங்க கேட்கிறதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல.

வீட்டுச் சத்தம் வேற ரகம். அங்க டெசிபல் குறைவா இருக்கலாம், ஆனா கேட்கிற குரல் நமக்கு வேண்டியவங்க குரல். குழந்தை அழுதா, வயசானவங்க இருமினா, அது பின்னணி இரைச்சலா இருக்கவே முடியாது, எழுந்து போகணுமா வேண்டாமாங்கிற முடிவை ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டியிருக்கு. கதவு இருக்கிற ரூம்ல வேலை பார்க்கிறவருக்கும் ஹால் மூலையில உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும் ஒரே வீடு ரெண்டு வேற ஆபீஸ். நான் பார்த்த வரைக்கும் ரெண்டு பேர் வேலை பார்க்கிற வீட்டுல கதவு இருக்கிற ரூம் யாருக்குப் போகுதுங்கிறது வீட்டுக்கு வீடு மாறுறதே அபூர்வம், டைனிங் டேபிள் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வாய்க்குது. அவங்க மீட்டிங் முக்கியமில்லைன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்க, இடம் அப்படிப் பிரிஞ்சிருக்கும். அந்தப் பெண் "எனக்கு ஆபீஸ்தான் நிம்மதி"ன்னு சொல்லும்போது அதுக்குப் பின்னாடி ஒரு கதவு இல்லாததுதான் இருக்குதுன்னு எத்தனை மேனேஜருக்குப் புரியும்?

இதுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கு, எல்லாரும் பாதி மட்டும் மேற்கோள் காட்டுற ஆதாரம். வீட்டுல இருந்து வேலை பார்த்தா உற்பத்தி 13 சதவீதம் கூடுதுன்னு ஒரு நம்பர் கேள்விப்பட்டிருப்பீங்க. அது பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோட குழுவும் சீனாவுல சீட்ரிப்ங்கிற டிராவல் கம்பெனியோட ஷாங்காய் கால் சென்டர்ல 9 மாசம் நடத்தின பரிசோதனை, 2015ல வெளியாச்சு. அந்த 13ல சுமார் 9, இடைவேளையும் லீவும் குறைஞ்சு கூடுதல் நிமிஷம் வேலை பார்த்ததால வந்தது. மீதி 4, ஒரு நிமிஷத்துக்குக் கூடுதல் கால் எடுத்ததால வந்தது, அதுக்குக் காரணமா அவங்க சொன்னது வீட்டோட அமைதி. யாரும் சொல்லாத பாதி என்னன்னா, அந்தப் பரிசோதனையில சேரணும்னா வீட்டுல வேலைக்குன்னு தனி ரூம் இருந்தே ஆகணும், பிராட்பேண்ட் இருக்கணும், கம்பெனியில 6 மாசமாவது இருந்திருக்கணும். கை தூக்கினவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இதெல்லாம் தேறுச்சு. கம்ப்யூட்டர் உபகரணங்களும் ஆபீஸ்ல இருக்கிறதே வீட்டுலயும். அப்போ அந்த 13 சதவீதம் "வீட்டுல இருந்து வேலை"யோட நம்பரா, "தனி ரூம்ல சரியான உபகரணத்தோட வேலை"யோட நம்பரா? கட்டில்ல உட்கார்ந்திருக்கிறவர் அந்த நம்பரைத் தன் பாஸுக்கு அனுப்பி வைக்கிறார், பாவம்.

அதே ஆய்வுல என் கட்சிக்கு எதிரான விஷயமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். முடிஞ்சதும் வீடா ஆபீஸான்னு திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, பாதிக்கும் மேல ஆளுங்க இடத்தை மாத்திக்கிட்டாங்க. தனி ரூம், நல்ல கம்ப்யூட்டர், பயணம் மிச்சம், எல்லாம் இருந்தும் வீட்டுல இருந்தவங்கள்ல நிறைய பேர் ஆபீஸுக்கே திரும்பினாங்க, முக்கியமா சொன்ன காரணம் தனிமை. மேசை நாற்காலியால தனிமையைத் தீர்க்க முடியாது. நான் போட்டோவைப் பார்த்துச் சொல்றது இடறுற இடம் இதுதான், அருமையான செட்டப் வச்சுக்கிட்டு தினம் ஆபீஸுக்கு ஓடுறவங்க உண்டு, கேட்டா "ஒரு மனுஷ முகம் பார்க்க வேணாமா"ம்பாங்க. அது நிஜமான விருப்பம், அதுல நான் கை வைக்க மாட்டேன்.

இன்னொரு இடத்துலயும் இடறும். வீட்டுல மட்டமான சேர், ஆபீஸ்ல பிரமாதமான சேர், உடம்பு வலிக்கிறதும் வீட்டு நாள்லதான், இருந்தும் வீடுதான் வேணும்பாங்க. முன்னாடி இது எனக்குப் புதிரா இருந்துச்சு. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்துல கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010ல வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு இதைப் புரிய வச்சுது. ஒரு குழுவுக்கு வெறும் மேசை, ஒரு குழுவுக்குச் செடியும் படமும் வச்ச ரூம், ஒரு குழுவுக்கு அதே செடி படத்தை இஷ்டப்படி வச்சுக்கலாம்னு அனுமதி, இன்னொரு குழுவுக்கும் அந்த அனுமதி உண்டு, ஆனா அவங்க வச்சதை வந்து ஆராய்ச்சியாளர் மாத்திட்டுப் போயிடுவார். வெறும் மேசையைவிட அலங்கரிச்ச ரூம்ல 17 சதவீதமும், தானே வச்சுக்கிட்டவங்ககிட்ட 32 சதவீதமும் வேலை கூடுச்சு. மாத்திட்டுப் போன குழுவுல அந்த லாபமெல்லாம் போயே போச்சு, இத்தனைக்கும் ரூம்ல செடி படம் எல்லாம் அப்படியே இருக்கு.

இதைப் படிச்சுட்டு, யாருக்கும் சொந்த சீட் இல்லாத ஹாட் டெஸ்க் முறையைப் பாருங்க. தினமும் காலையில கிடைச்ச சீட், நேத்து யாரோ ஆறடி ஆள் உட்கார்ந்த உயரம், மானிட்டர் எங்கயோ, சேரை ஏத்தி இறக்குற பிடி எந்தப் பக்கம்னு தெரியாது. பெரும்பாலானவங்க சேரைச் சரி பண்ணவே மாட்டாங்க, எப்படியும் நாளைக்கு வேற சீட்டுதானேன்னு விட்டுடுவாங்க. அவங்களுக்கு வீட்டு மட்டச் சேர் ஏன் பிடிக்குதுன்னா அது அவங்களோடது, நகர்த்தினா நகர்த்தின இடத்துலயே இருக்கும், ஜன்னலைத் திறக்கிறதும் மூடுறதும் யாரையும் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை. ஆபீஸுக்கு வாங்கன்னு கூப்பிடுற கம்பெனி, நிரந்தரமா ஒரு மேசையும் ஒரு டிராயரும் குடுத்தாலே பாதி சண்டை அடங்கும்ங்கிறது என் அபிப்பிராயம். அலங்கார விளக்கு, விளையாட்டு மேசை இதுக்கெல்லாம் செலவு பண்றதைவிட இது சல்லிசு.

காத்து பத்தி ஒரு வார்த்தை. மீட்டிங் சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு கதவையும் ஜன்னலையும் சாத்திட்டு சின்ன ரூம்ல வேலை பார்க்கிறவங்க, மத்தியானம் தூக்கம் வர்றதுக்கு சாப்பாட்டை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. வெளிக் காத்துல கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) இருக்கும், மூடின சின்ன ரூம்ல ஒருத்தர் மூச்சு விட்டே அது ஆயிரத்தைத் தாண்டிடும். 2015ல ஹார்வர்டு குழு ஒண்ணு இந்த அளவு சுமார் 950க்கும் 1400க்கும் ஏறும்போது முடிவெடுக்கிற திறன் நல்லாவே சரியுதுன்னு காட்டினாங்க, அதுக்கப்புறம் வந்த எல்லா ஆய்வுலயும் அவ்வளவு பெரிய வித்தியாசம் வரல, ஆனாலும் மீட்டிங்குக்கு மீட்டிங் நடுவுல ஜன்னலைத் திறக்கிறதுல யாருக்கு என்ன நஷ்டம்.

சரி, என்ன செய்யலாம். வீடா ஆபீஸான்னு முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி, பிடிக்காத இடத்தை ஒரு ரெண்டு வாரம் சரி பண்ணி வச்சுப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன். முதல்ல சேர் வாங்க ஓடாதீங்க, கடைக்காரர் காட்டுற சேர் எல்லாமே அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் இருக்கும். கையில இருந்து ஆரம்பிங்க, தோளைத் தளர்த்திவிட்டு முழங்கையை மடக்கினா கை எந்த உயரத்துல வருதோ அங்கதான் கீபோர்டு வரணும், மேசையை இறக்க முடியலைன்னா சேரை ஏத்துங்க, ஏத்தினதால கால் தொங்குச்சுன்னா கீழ ஒரு உறுதியான பெட்டியோ பலகையோ போடுங்க. அந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணுக்கு ஆபீஸ்ல நாங்க செஞ்சதும் ஒரு கால் பலகை, அப்புறம் ஏசி துவாரத்துக்குக் கீழ இருந்து ரெண்டு வரிசை தள்ளி ஒரு சீட், இவ்வளவுதான். அப்புறம் ஸ்க்ரீன், கை நீட்டினா விரல் தொடுற தூரம், மேல் விளிம்பு கண் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ. ரொம்ப ஏத்திடாதீங்க, மேல பார்க்கும்போது கண்ணு அகலமா திறந்து சீக்கிரம் வறண்டுடும். ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி (மேல் பாகம் தூரத்துக்கு, கீழ்ப் பாகம் கிட்டப் பார்க்க) போடுறவங்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவங்க கண்ணாடியோட கீழ்ப் பாகத்துல பார்க்கிறதால மானிட்டர் இன்னும் கீழ இருக்கணும், இல்லைன்னா நாள் முழுக்க தாடையைத் தூக்கி வச்சே பார்ப்பாங்க, கழுத்து வலின்னு வர்ற நாற்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்ககிட்ட நான் முதல்ல பார்க்கிறதே கண்ணாடியைத்தான்.

ஜன்னல் பக்கவாட்டுல இருக்கணும். முன்னாடி இருந்தா கண்ணு கூசும், பின்னாடி இருந்தா ஸ்க்ரீன்ல பிரதிபலிக்கும், வீடியோ கால்ல முகமும் கருப்பாத் தெரியும். ஆபீஸ் மேசைக்கு வழக்கமா சொல்ற வெளிச்ச அளவு 500 லக்ஸ், ராத்திரி வீட்டு ஹால்ல பெரும்பாலும் அதுல பாதிகூட இருக்காது, அதுக்கு ஒரு மேசை விளக்கு போதும். நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற மேசை நல்லதான்னு எல்லாரும் கேட்கிறாங்க, உட்காரவும் நிக்கவும் மாத்தி மாத்தி பயன்படுத்துறவங்களுக்கு நல்லது, வாங்கின முதல் வாரம் நாள் முழுக்க நின்னுட்டு குதிகால் வலின்னு என்கிட்ட வர்றவங்களுக்கு இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்கிறது எந்த மேசையைவிடவும் மேல்.

ஒண்ணு மட்டும் கவனம். கையில மரத்துப் போறது, பிடிச்ச பொருள் நழுவுறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, காலுக்கு இறங்குற வலியோட சிறுநீர் மலம் கட்டுப்பாட்டுல மாற்றம், இதெல்லாம் இருந்தா மேசையை மாத்திப் பார்த்துட்டுப் போகலாம்னு உட்கார்ந்திருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க, கடைசியா சொன்னதுக்கு அன்னைக்கே.

கம்பெனி நடத்துறவங்களுக்கும் ஹெச்ஆர்ல இருக்கிறவங்களுக்கும். வாரத்துக்கு எத்தனை நாள் வர்றீங்கன்னு சர்வே எடுக்கிறீங்க, எதுல உட்கார்றீங்கன்னு அதுல ஒரு கேள்வி இருக்கிறதே இல்லை. ஐரோப்பாவுல ஸ்க்ரீன் முன்னாடி வேலை பார்க்கிறவங்களோட இடத்தை முதலாளி மதிப்பிட்டுப் பார்த்தே ஆகணும்னு 1990லயே உத்தரவு வந்தாச்சு, பிரிட்டன்ல 1992ல இருந்து விதி இருக்கு, அங்க அது வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவங்களுக்கும் பொருந்தும். உங்க நாட்டுச் சட்டம் கேட்குதோ இல்லையோ, நீங்க கேட்கலாமே. முடிவெடுக்கிற இடத்துல இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஆபீஸ்ல கதவு வச்ச ரூம், வீட்டுலயும் கதவு வச்ச ரூம். ஹால்ல உட்கார்றவரும் வீட்டுல ரூமைப் பங்கு போட்டுக்கிறவரும் என்ன நினைக்கிறாங்கங்கிறது அவங்களுக்குத் தானா தோணாது, போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்தாத்தான் தெரியும்.

வேலை பார்க்கிறவங்க மேனேஜர்கிட்ட பேசும்போதும், "எனக்கு வீடுதான் செட் ஆகும்"னு மொத்தமா கேட்டா அது அவருக்கு ஒரு கொள்கைச் சண்டையாத்தான் கேட்கும், முடியாதுன்னு சொல்றது அவருக்கு ரொம்ப ஈஸி. "ஏசிக்குக் கீழ இருக்கிற சீட்டை மாத்திக் குடுங்க, கால் பலகை ஒண்ணு வேணும், செவ்வாய் வியாழன் ரிப்போர்ட் எழுதுற நாள், அன்னைக்கு மட்டும் பேச்சுச் சத்தம் இல்லாத இடம் வேணும், இங்க அப்படி இடம் இல்லைன்னா அந்த ரெண்டு நாள் வீட்டுல இருந்து பார்க்கிறேன்"னு கேட்டுப் பாருங்க, இதுல ஒவ்வொண்ணுக்கும் அவர் தனித்தனியா பதில் சொல்லியாகணும்.